கேட்டால்தானே தெரியும்!



வெயில் காலம் வந்துவிட்டால் வீட்டுத் திண்ணையில் ஒரு பட்டிமன்றமே நடக்கும். "எங்க காலத்துல இவ்வளவு வெயில் கிடையாது" என்பார் பாட்டி. "அக்னி நட்சத்திரம் என்ன நேத்தா வந்துச்சு? அப்பவும் வெயில்தான், இப்பவும் வெயில்தான்" என்பார் தாத்தா. யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தாத்தா சொல்வதுபோல வெயில் புதிதல்ல. ஆனால், பாட்டி சொல்வதுபோல உலகத்தின் சராசரி வெப்பம் கூடிக்கொண்டே வருகிறது. இதை யாரும் ஊகமாகச் சொல்லவில்லை; அளந்து சொல்கிறார்கள். ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்ற மலை இருக்கிறது. அங்கே 1958ஆம் ஆண்டில் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது 10 லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இப்போது அது 420 பங்கையும் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிய எரிய அந்த வாயு கூடுகிறது. அது பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. உலகம் முழுவதும் வெப்பநிலையைப் பதிவு செய்யத் தொடங்கிய பிறகு, அதுவரை கண்டிராத வெப்பமான ஆண்டாக 2024 அமைந்தது.

இதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே வந்துவிட்டது. நான் இன்று கேட்கப்போவது வேறொரு கேள்வி. இந்த வெப்பத்தால் பயிர் எவ்வளவு கருகியது, மின்சாரம் எவ்வளவு செலவானது, அணையில் தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று பெரியவர்கள் கணக்கு எடுக்கிறார்கள். உங்களுக்கு என்ன ஆகிறது என்று யார் கணக்கு எடுப்பது?

சொம்பும் குடமும்

"குழந்தைகளுக்கென்று தனிக் கணக்கு எதற்கு? வெயில் எல்லோருக்கும் ஒன்றுதானே?" என்று தோன்றலாம். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு சொம்பிலும் ஒரு குடத்திலும் தண்ணீர் பிடித்து வெயிலில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டிலும் விரலை விட்டுப் பாருங்கள். எது அதிகம் சூடாகியிருக்கும்? சொம்புத் தண்ணீர்தான்!

சிறிய பொருள் வெளியே உள்ள வெப்பத்தைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். உங்கள் உடம்பும் அப்படித்தான். எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பெரியவர்களைவிட உங்களுக்குத் தோலின் பரப்பு அதிகம். உடம்பைக் குளிர வைக்கும் வியர்வையோ பெரியவர்களைவிட உங்களுக்குக் குறைவாகத்தான் சுரக்கும். போதாததற்கு, விளையாட்டு மும்முரத்தில் தாகம் எடுப்பதே உங்களுக்குத் தெரிவதில்லை. பிறந்த குழந்தையின் நிலை இன்னும் மோசம். அதற்கு "தண்ணீர் வேண்டும்" என்று கேட்கத் தெரியாது. "இங்கே புழுக்கமாக இருக்கிறது" என்று எழுந்து நிழலுக்குப் போகவும் தெரியாது.

அதனால்தான் குழந்தை என்பது 'சின்ன சைஸ் பெரியவர்' அல்ல என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பெரியவர்களை அளந்து வைத்துக்கொண்டு, அதில் பாதி, கால் என்று குழந்தைகளுக்குப் போட்டுவிட முடியாது. குழந்தைகளைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மேல் மாடிக் குழந்தைகள்

அப்படித் தனியாகப் பார்த்ததால் என்ன நன்மை கிடைத்தது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது.

குஜராத் மாநிலத்தில் அகமதாபாத் என்ற பெரிய நகரம். 2010ஆம் ஆண்டு மே மாதம் அங்கே வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸ் வரை போனது. நம் உடம்பின் வெப்பநிலை சுமார் 37 டிகிரிதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் 40 டிகிரிக்குப் போனாலே நாம் பதறிப்போகிறோம்! அந்த ஒரு மாதத்தில் மட்டும், முந்தைய ஆண்டையும் அடுத்த ஆண்டையும் ஒப்பிட, 1,344 பேர் கூடுதலாக இறந்துபோனார்கள் என்று பிறகு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அந்த நகரத்து மருத்துவமனை ஒன்றில், அப்போதுதான் பிறந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் சிலர் ஆராய்ந்தார்கள். விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 2009, 2010, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளின் ஏப்ரல், மே, ஜூன் மாதப் பதிவுகளை எடுத்தார்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். அதன் பக்கத்திலேயே, அந்தந்த நாளின் வெப்பநிலையை எழுதினார்கள். அவ்வளவுதான்.

இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. வெப்பம் 42 டிகிரியைத் தாண்டிய பிறகு, ஒவ்வொரு டிகிரி கூடும்போதும், அப்படிச் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை 43 சதவீதம் கூடியது. புரியும்படி சொல்கிறேன். 42 டிகிரியில் 10 குழந்தைகள் என்று வைத்துக்கொண்டால், 43 டிகிரியில் 14 குழந்தைகள். 44 டிகிரியில் 20 குழந்தைகள். இரண்டே டிகிரியில் இரண்டு மடங்கு!

இன்னொன்றும் தெரிந்தது. அந்த மருத்துவமனையின் மகப்பேறு வார்டு முதலில் மேல் மாடியில் இருந்தது. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை வெயில் காலத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்! ராத்திரியிலும் சுவர் அனலாகக் கொதிக்கும். 2010ஆம் ஆண்டில் அந்த வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். மாற்றிய பிறகு, வெப்பத்தால் பாதிக்கப்பட்டுச் சேர்க்கப்படும் குழந்தைகள் 64 சதவீதம் குறைந்துவிட்டார்கள். அதாவது, 100 குழந்தைகள் அவதிப்பட வேண்டிய இடத்தில் 36 குழந்தைகள்தான்.

புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. மாடியில் இருந்த கட்டிலைக் கீழே இறக்கினார்கள், அதுதான் சிகிச்சை! ஆனால், பதிவேட்டைப் பிரித்து, குழந்தைகளைத் தனியாக எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால், அந்தச் சின்ன மாற்றத்துக்கு இவ்வளவு பெரிய பலன் உண்டு என்பது யாருக்குமே தெரிந்திருக்காது.

2013ஆம் ஆண்டில் அகமதாபாத் மாநகராட்சி வெப்பத்தைச் சமாளிக்க ஒரு செயல் திட்டம் கொண்டுவந்தது. கடும் வெயில் வரப்போகிறது என்றால் முன்கூட்டியே மக்களை எச்சரிப்பது, மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்று பல ஏற்பாடுகள் அதில் உண்டு. பிறகு இந்தியாவின் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. எண்ணிப் பார்த்ததால் வந்த விழிப்பு அது.

தூங்கும் பிள்ளை மக்கு அல்ல

வெப்பம் உடம்பை மட்டும்தான் வாட்டுமா? படிப்பையும் வாட்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை எடுத்து ஆராய்ந்தார்கள். 2020இல் அந்த ஆய்வு வெளிவந்தது. வெயில் அதிகமாக இருந்த கல்வி ஆண்டில் மாணவர்கள் கற்றது குறைந்திருந்தது. வகுப்பறையைக் குளிர்ச்சியாக வைத்திருந்த பள்ளிகளில் அந்தப் பாதிப்பு அநேகமாக இல்லை. பிள்ளைகளின் மூளையில் குறை இல்லை. அறையின் சூட்டில்தான் குறை!

இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. மதியம் முதல் பீரியடில் தூங்கி விழுந்த எத்தனை பிள்ளைகளை நான் எழுப்பி நிற்க வைத்திருப்பேன்! அவர்கள் தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்ததை நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லையே!

பானை நிறையத் தண்ணீர்

நான் வேலை பார்த்த காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்கிறேன். அது மார்ச் மாதம். முழு ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. என் ஏழாம் வகுப்பில் மதியமானால் பெண் பிள்ளைகள் சிலர் "தலை வலிக்குது டீச்சர்" என்று மேஜையில் கவிழ்ந்துவிடுவார்கள். தண்ணீர் குடிக்காததுதான் காரணம் என்று எனக்குப் புரிந்தது. சந்தையில் ஒரு மண்பானை வாங்கி வந்து, வகுப்பின் மூலையில் மணல் பரப்பி வைத்தேன். தினமும் தண்ணீர் நிரப்ப ஏற்பாடு செய்தேன்.

பையன்கள் குடித்தார்கள். பெண் பிள்ளைகளோ பானைப் பக்கமே போகவில்லை. தலைவலியும் நிற்கவில்லை. ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பானையை எதுக்கு வாங்கி வச்சிருக்கேன்? அழகு பார்க்கவா?" என்று சத்தம் போட்டேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

மறுநாள் மணி அடித்த பிறகு ஒரு பெண் மட்டும் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "டீச்சர், தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். அங்க கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல, டீச்சர்" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. ஆசிரியர்களுக்குத் தனிக் கழிப்பறை இருந்தது. பிள்ளைகள் போகும் பக்கம் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. அன்று போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாளும் இல்லை, தொட்டியில் தண்ணீரும் இல்லை. அந்த வாரமே ஆசாரியை வரவழைத்துத் தாழ்ப்பாள் போட்டோம். தொட்டியை நிரப்ப ஆள் ஏற்பாடு செய்தோம். பிறகு பாருங்கள், மத்தியானத்துக்குள் பானை காலியாகிவிடும்! தலைவலிக்காரர்களும் குறைந்துபோனார்கள்.

வெயில், தண்ணீர், தலைவலி மூன்றும் எனக்குத் தெரிந்திருந்தன. நடுவில் இருந்த அந்தத் தாழ்ப்பாள்தான் தெரியவில்லை. அது தெரிந்தவர்கள் அந்தப் பிள்ளைகள் மட்டுமே. நான் திட்டினேனே தவிர, "ஏன்மா குடிக்கவில்லை?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால்தானே தெரியும்!

சொல்வது உங்கள் உரிமை

குழந்தைகளைக் கேட்க வேண்டும் என்பது வெறும் நல்ல பழக்கம் மட்டுமல்ல. அது உங்கள் உரிமை. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் குழந்தைகளுக்கான உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. உங்களைப் பாதிக்கும் விஷயங்களில் உங்கள் கருத்தைச் சொல்லலாம், பெரியவர்கள் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆவது பிரிவு.

2023இல், பருவநிலை மாற்றமும் குழந்தைகளின் உரிமையும் பற்றி ஐ.நா.வின் குழந்தைகள் உரிமைக் குழு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதை எழுதுவதற்கு முன் 121 நாடுகளைச் சேர்ந்த 16,000க்கும் அதிகமான குழந்தைகளின் கருத்துகளைக் கேட்டார்கள். யூனிசெஃப் அமைப்பும் குழந்தைகளைத் தனியாக எண்ணிப் பார்க்கிறது. 2024ஆம் ஆண்டில் மட்டும் வெயில், வெள்ளம், புயல் போன்றவற்றால் 85 நாடுகளில் குறைந்தது 24 கோடியே 20 லட்சம் மாணவர்களின் படிப்பு தடைப்பட்டது என்று அது தெரிவித்தது.

நமக்கும் இது தெரிந்த கதைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் வெயில் காரணமாகத் தமிழ்நாட்டில் பள்ளி திறக்கும் தேதி தள்ளிப்போனது. 'ஐ, லீவு!' என்று நீங்கள் குதித்திருப்பீர்கள். ஆனால், வீட்டில் ஓட்டைத் தகரக் கூரையும், அம்மா அப்பா இருவரும் கூலி வேலைக்குப் போய்விட்ட நிலையும் இருந்தால், அந்த லீவு எப்படி இருந்திருக்கும்? பள்ளிக்கூடத்தில் கிடைத்த மத்தியானச் சாப்பாடு இல்லாமல் போனால்? மழைச் சத்தம் கேட்டாலே ராத்திரி தூக்கம் வராத பிள்ளைக்கு மனதில் என்ன ஓடும்? இதை எல்லாம் எந்தக் கருவியும் அளக்காது. அந்தப் பிள்ளை சொன்னால்தான் தெரியும்.

ஒரு நோட்டு, ஒரு வெப்பமானி

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? நீங்களும் ஆய்வாளர் ஆகலாம்!

உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லி, அறையின் வெப்பத்தை அளக்கும் வெப்பமானி ஒன்று கேளுங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. வெயில் நேராகப் படாத சுவரில், நீங்கள் உட்காரும் உயரத்தில் அதை மாட்டுங்கள். காலை 10 மணி, மத்தியானம் 1 மணி, மாலை 3 மணி என்று மூன்று வேளையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பக்கத்திலேயே, அன்று தலைவலி, மயக்கம், தூக்கம் என்று சொன்னவர்கள் எத்தனை பேர், எந்த வரிசையில் இருப்பவர்கள் என்று எழுதுங்கள். தண்ணீர் தீர்ந்துபோனதா, கழிப்பறையில் தண்ணீர் இருந்ததா என்பதையும் எழுதுங்கள்.

இரண்டு விதிகளை மட்டும் மறக்காதீர்கள். ஒன்று, யாருடைய பெயரையும் எழுதக் கூடாது, எண்ணிக்கை போதும். சொல்ல விருப்பம் இல்லாதவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. பெரிய ஆய்வாளர்களுக்கும் இதுதான் விதி. இரண்டு, ஒரே ஒரு நாளை வைத்து முடிவு கட்டக் கூடாது. அகமதாபாத்தில் மூன்று ஆண்டுக் கணக்கைப் பார்த்தார்கள். நீங்கள் ஒரு பருவம் முழுவதுமாவது எழுதுங்கள். பிறகு ஆசிரியரிடமும் தலைமை ஆசிரியரிடமும் காட்டுங்கள். "ரொம்பச் சூடா இருக்கு சார்" என்று சொல்வதைவிட, "ஜன்னல் ஓரம் 34 டிகிரி, கடைசி வரிசையில் 37 டிகிரி" என்று எழுதிக் காட்டினால் அதற்கு மதிப்பு அதிகம்.

அதுவரை உங்களையும் நண்பர்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். 2019இல் கேரளப் பள்ளிகளில் இதற்கென்றே 'வாட்டர் பெல்' அடிக்கத் தொடங்கினார்கள். உச்சி வெயிலில் விளையாட வேண்டாம். நண்பனுக்குத் தலை சுற்றினாலோ வாந்தி வந்தாலோ, உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். நிழலில் படுக்க வைத்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, விசிறி விடுங்கள். அவன் உளறினாலோ மயங்கிவிட்டாலோ வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது; 108ஐ அழைக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால், பேரிடர் என்றால் வெயிலில் வேலை செய்யும் பெரியவர்கள் மட்டும் நம் நினைவுக்கு வந்தால் போதாது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு வெப்பமானி இருக்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் மொட்டை மாடிக்கும் வெள்ளை அடிக்கலாம். அது வெயிலைத் திருப்பி அனுப்பும். முடிந்தால் சின்ன வகுப்புகளை மேல் மாடியில் இருந்து கீழே கொண்டுவரலாம். கழிப்பறைக் கதவைத் திறந்து பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் முதலில், பிள்ளைகளைக் கேட்கலாம். இந்தப் பூமியைச் சூடாக்கியது அவர்கள் அல்ல. சூட்டில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் அவர்கள்.

குழந்தைகளே, அந்த மேல் மாடியில் இருந்த பச்சைக் குழந்தைகளுக்குப் பேசத் தெரியாது. அவர்களுக்காகப் பதிவேடு பேசியது. உங்களுக்குப் பேசத் தெரியும், எழுதத் தெரியும். எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்து சொன்னாளே, அந்தத் தைரியம் உங்களுக்கும் வரட்டும். நீங்கள் சொன்னால் கேட்பதற்குப் பெரியவர்கள் நாங்கள் கற்றுக்கொள்கிறோம்.

நாளைக்கு வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு நிமிடம் நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். பிறகு நோட்டின் முதல் பக்கத்தில் தேதியை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்